மாப்பிள்ளை கரடு ஏறிய கதை

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐம்பத்திரண்டாவது வயதில், ஒரே ஒரு ராத்திரி தனியாகப் படுக்க வேண்டும் என்பதற்காக, என் மனைவி எஸ்தரைப் பற்றி அவள் கூடப்பிறந்த அண்ணனிடமே ஒரு பொய் சொன்னேன். கடைசியில் தனியாகப் படுக்கவும் முடியவில்லை. சொன்னதைத் திருப்பி வாங்கவும் முடியவில்லை.

தனியாகப் படுப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஏற்கெனவே படுத்துப் பார்த்தவர்கள். நான் பார்த்ததில்லை. பிறந்தது ஆறு பிள்ளைகள் வரிசையாகப் படுக்கும் ஒரே அறை வீட்டில். நான் மூன்றாவது என்பதால் இரண்டு பக்கமிருந்தும் உதை. கல்லூரி விடுதியில் அறைக்கு மூன்று பேர். முதல் வேலைக்குப் போன ஊரில் லாட்ஜில் நான்கு பேர். அதில் ஒருவன் தூக்கத்தில் தெலுங்கில் அழுவான். பிறகு கல்யாணம். குடல்வால் அறுவைக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, வலியையும் மீறி எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது: தனிக் கட்டில்! (முதல் ராத்திரியே கட்டிலுக்கு இந்தப் பக்கம் எஸ்தர், அந்தப் பக்கம் என் தம்பி, கால்மாட்டில் பக்கத்துக் கட்டில்காரரின் சம்பந்தி.)

ஜோலியோ ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில். இருபத்தேழு வருஷமாக விசைத்தறிக்கு மத்தியில் இருக்கிறேன். தறிச் சத்தத்தை நீங்கள் காதால் கேட்பதில்லை, பல்லால் கேட்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் கண்ணை மூடி மௌனமாக ஜெபிக்கும்போதுகூட எனக்குள் எண்பது தறி ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த நிலைமையில்தான் போனில் அந்த வீடியோ வந்து சேர்ந்தது. எங்கேயோ ஒரு குளிர்தேசத்து மேட்டுநிலம். மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. முழங்கால் உயரத்துக்குப் பழுப்புப் புல், ஈரம், மூடுபனி. ஒரு ஆள், கிட்டத்தட்ட என் வயசு, முதுகில் பையோடு நடக்கிறார். நடந்துகொண்டே இருக்கிறார். சாயங்காலம் ஒரு சின்னக் கூடாரம் அடிக்கிறார். வெந்நீர் வைத்து எதையோ குடிக்கிறார். கூடாரத் துணியில் மழை விழுகிறது. நாற்பத்தைந்து நிமிஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த சத்தம் மொத்தம் மூன்று. அதில் இரண்டு இருமல்.

அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் எதைத் தேடிப் போனார் என்று வீடியோவில் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லாரியில் சரக்கு ஏற்றும் முற்றத்தில் நின்று மேற்கே பார்ப்பேன். ராஜபாளையத்துக்காரனுக்கு மேற்கு என்றால் மலைதான். பிறந்ததிலிருந்து கண்ணெதிரே நிற்கிறது. ஒரு நாளைக்கு நாலு நிறம் மாறுகிறது. மழைக்காலத்தில் மேகம் அதன் இடுப்பில் துண்டு மாதிரி தொங்குகிறது. எதிர்வீட்டில் ஐம்பது வருஷம் குடியிருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசாமலிருந்தால் எப்படிக் கூச்சமாக இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு.

வனத்துறையில் வேலை பார்க்கும் என் சிநேகிதனைக் கேட்டேன்.

“காட்டுக்குள்ள ராத்தங்கலா? கேஸ் போட்ருவாங்க மக்கா. நானே போடுவேன்” என்றான். “அது புலி இருக்க எடம். ஒனக்கு அம்புட்டு ஆசையா இருந்தா காட்டுக்கு வெளிய ஏதாச்சும் கரட்டுல போய்ப் படு.”

கரடு என்றால், மலைத்தொடரோடு சேராமல் தோட்டம் துரவுக்கு நடுவே தனியாக நிற்கிற மொட்டைப் பாறைக் குன்று. மரம் இருக்காது. பாறையும், இடுக்கில் போதைப்புல்லும், நாலு கள்ளியும். வீடியோவில் பார்த்த மேட்டுநிலத்துக்கு எங்கள் ஜில்லாவில் கிடைக்கக்கூடிய ஏழைச் சொந்தக்காரன் அதுதான். அப்படி எனக்கு நன்றாகத் தெரிந்த கரடு ஒன்றே ஒன்று. வ. புதுப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாந்தோப்புகளுக்குப் பின்னால் இருக்கிறது. கஷ்டம் என்னவென்றால், அந்தக் கிராமம் எஸ்தர் பிறந்த ஊர். கரட்டுக்குப் போகும் வண்டிப்பாதை அவள் அண்ணன் சாம்வேலின் தோப்பு வழியாகத்தான் போகிறது.

எஸ்தரிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“தனியாவா?”

“தனியா.”

“பாறையிலயா?”

“பாறையில.”

“போயிட்டு வாங்க” என்றாள். “ஆனா எங்க அண்ணன் கண்ணுல பட்றாதீங்க. வீட்டுக்கு வராம மாப்பிள்ளை ஊரத் தாண்டிப் போனாருன்னு தெரிஞ்சா, எதுக்குன்னு கேட்டு என் உசுர எடுத்துருவாக.”

இதில் விளையாட்டுக்குக்கூட மிகை இல்லை என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். மாமனார் ஊர் வழியாகப் போகிற மாப்பிள்ளை, வீட்டுக்குள் போய் ஒரு செம்பு தண்ணீராவது குடிக்காமல் தாண்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அகராதி தேவையில்லை.

இணையத்தில் வாங்கிய ஆரஞ்சு நிறக் கூடாரம் வந்து சேர்ந்தது. அதோடு எட்டு மொழியில் ஒரு குறிப்புத்தாள். எட்டும் நமக்கு ஆகாத மொழிகள். வீட்டு ஹாலில் மூன்று நாள் ஒத்திகை. மூன்றாம் நாள் அது ஒருவழியாக எழுந்து நின்றது. எஸ்தர் அதைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கினாள். எங்கள் மகள் ரூத், “அப்பா, வாடகைக்கு விடலாமா?” என்று கேட்டாள்.

தை மாதம், ஒரு சனிக்கிழமை. பனி இருக்கும், மழை இருக்காது. எஸ்தர் எலுமிச்சைச் சாதமும் தேங்காய்த் துவையலும் அவித்த முட்டை இரண்டும் கட்டிக் கொடுத்தாள். ஃபிளாஸ்கில் சுக்குத்தண்ணீர். வாசல்வரை வந்து, “பயமா இருந்தா போன் பண்ணுங்க” என்றாள். “பயமா? எனக்கா?” என்றேன். வன்னியம்பட்டி விலக்கு தாண்டும்போது பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. அப்போது கர்த்தரைக் கூப்பிட்ட முதல் ஆள் நான்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறினேன். இங்கேதான் என் முதல் தவறு. அந்த பஸ் நிலையத்தில் பால்கோவா வாங்காமல் நான் வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறியது, கல்யாணமான இருபத்தைந்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை. யார் வீட்டுக்கும் போகவில்லையே, எதற்குப் பால்கோவா என்று நினைத்தேன். (புத்திசாலித்தனம் என்பது சில நாள் இப்படித்தான் வரும்.)

இரண்டாவது தவறு, மாறுவேஷம். தொப்பி, கொரோனாக் காலத்து மாஸ்க், கறுப்புக் கண்ணாடி. எஸ்தர் ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, கண்மாய்க் கரை வழியாகச் சுற்றி, மாந்தோப்புப் பாதையில் பூனை மாதிரி நடந்தேன். பத்தடி போயிருக்க மாட்டேன்.

“என்ன மாப்பிள்ளை, மேலுக்குச் சரியில்லையா?”

தோப்புக் காவல்காரர் முத்தையா. அறுபது வயசு, கையில் யானை விரட்டுகிற வெடிப்பொட்டலம். என் நடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டாராம். நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சும்மா கரட்டுக்குப் போயிட்டு வரலாம்னு.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

“ராத்தங்குவீகளோ? பையி பெருசா இருக்கே.”

“ஆமா, ஒரு ராத்திரி.”

அவர் என் பையைப் பார்த்தார். பிறகு என் வெறுங்கையைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை மலைக்குப் போவான். ஆட்டைத் தேடிப் போவான், நேர்ந்துகொண்டு போவான், தேனெடுக்கப் போவான். சும்மா போக மாட்டான். பெண்டாட்டி ஊரில், பால்கோவா இல்லாமல், முகத்தை மூடிக்கொண்டு, படுக்கையோடு ஒருவன் சும்மா போனால், அவனுக்கு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று முத்தையா அண்ணாச்சிக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

“மனசத் தளர விடாதீக மாப்பிள்ளை” என்றார். “எல்லா வீட்லயும் இருக்கதுதான்.”

நான் ஏதோ பொதுவாக வாழ்க்கையைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு ஏறினேன். (அந்தத் தலையாட்டல்தான் பிற்பாடு ஒப்புதல் வாக்குமூலமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது.)

மேலே போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தேமுக்கால். பாறை பகல் வெயிலை இன்னும் வைத்திருந்தது. உட்கார்ந்தால் யாரோ அதற்கு முன்னால் உட்கார்ந்து எழுந்துபோன மாதிரி சூடு. கூடாரத்தை அடித்தேன். முதல் முயற்சியிலேயே நின்றது. பார்க்க ஒரு ஆள் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததை எழுத எனக்குப் போதுமான தமிழ் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் விஷயம். கிழக்கே தென்னையும் கண்மாயும் தட்டையாகக் கிடந்தன. தூரத்தில், தெரிகிறதா இல்லையா என்ற சந்தேகத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் ஒரு விரல் நுனி அளவுக்கு நின்றது. மேற்கே மலை. இத்தனை நாள் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அது என்னைப் பார்ப்பது போலிருந்தது. வெயில் அதன் பின்னால் இறங்க இறங்க, மடிப்பு மடிப்பாக நீலம் ஏறியது. காற்று புல்லுக்குள் வந்து, நின்று, என்னவோ மறந்துவிட்டது மாதிரி திரும்பிப் போனது. ஒரு ஆட்காட்டிக் குருவி கத்திவிட்டு ஓய்ந்தது. பிறகு அதுவும் இல்லை.

அப்போதுதான் கவனித்தேன், என் பல்லில் தறி ஓடவில்லை.

இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவை. அழுகை வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சொல்லவில்லை. ஒரு முட்டையை உரித்து, உப்பில்லாமல், மெல்ல மெல்லத் தின்றேன். எஸ்தரையும் முத்தையா அண்ணாச்சியையும் தவிர உலகத்தில் யாருக்கும் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அது ஒரு நினைப்பா! அதற்காகவே இன்னொரு தடவை பிறக்கலாம்.

நாற்பது நிமிஷம். பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக நாற்பது நிமிஷம்.

இருட்டத் தொடங்கியதும் கீழே தோப்பில் ஒரு டார்ச் வெளிச்சம் தெரிந்தது. பிறகு இரண்டு. பிறகு ஐந்து. யானை வந்திருக்கிறதோ என்று பயந்து கூடாரத்துக்குள் புகுந்து என் விளக்கை ஏற்றினேன். ஆரஞ்சுக் கூடாரம் உள்ளே விளக்கோடு இருந்தால், கரட்டு உச்சியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவிட்டது மாதிரி ஊர் முழுக்கத் தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை. வெளிச்சங்கள் நேராக என்னை நோக்கி ஏறி வந்தன.

முதலில் வந்தவர் மச்சான் சாம்வேல். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். பழைய பச்சை ஸ்வெட்டர், கழுத்தில் விசில். பின்னாலேயே முத்தையா அண்ணாச்சி, ஊர்க்காரர்கள் மூன்று பேர். சபை உபதேசியாரும் வந்திருந்தாராம். பாதிக்கு மேல் முடியாமல் கீழே ஒரு பாறையில் உட்கார்ந்து, எங்கள் குடும்ப ஒற்றுமைக்காக உரத்த குரலில் ஜெபித்துக்கொண்டிருந்தார். நடுநடுவே அது மேலே கேட்டது.

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. முதலில் கூடாரத்தைச் சுற்றி வந்தார். கயிற்றை ஒரு விரலால் சுண்டினார்.

“இப்படியா மாப்ள இழுத்துக் கட்டுவாக? லடாக்ல நாங்க இப்படிக் கட்டியிருந்தா, விடியும்போது சீனாவுல எந்திரிச்சிருப்போம்.”

பிறகு என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். எல்லா டார்ச்சும் என் முகத்தில்.

“சொல்லுங்க மாப்ள. எங்க வீட்டுப் பிள்ள என்ன தப்புப் பண்ணா?”

“ஒண்ணுமே பண்ணல மச்சான். சும்மாதான் வந்தேன்.”

“சும்மா” என்று மச்சான் மற்றவர்களிடம் திரும்பினார். அவர்கள் உச்சுக்கொட்டினார்கள். “இருவத்தஞ்சு வருசமா பால்கோவா இல்லாம என் வாசப்படி மிதிக்காத மனுசன். இன்னிக்கு வாசப்படியே மிதிக்கல. முகத்த மூடிக்கிட்டு வந்திருக்காரு. சும்மாவாம்.”

“நான் அப்பவே மனசத் தளர விடாதீகன்னு சொன்னேன். ஆமான்னு தலைய ஆட்டுனாரு” என்றார் முத்தையா அண்ணாச்சி.

நான் அந்தக் குளிர்தேசத்து வீடியோவைப் பற்றிச் சொன்னேன். ஒரு ஆள் நடக்கிறார், கூடாரம் அடிக்கிறார், ஒன்றும் பேச மாட்டார் என்றேன். மச்சான் முழுவதும் கேட்டுவிட்டு, “பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ” என்றார்.

அந்த நேரத்தில்தான் கீழேயிருந்து இன்னொரு வெளிச்சம் மூச்சு வாங்க ஏறி வந்தது. எஸ்தர். மச்சான் போன் போட்டதும் பக்கத்து வீட்டுக் காரைப் பிடித்து வந்திருக்கிறாள். கையில் என் மஃப்ளர். கோபமெல்லாம் அண்ணன் மேல்தான்.

“அண்ணே, நாந்தான் போயிட்டு வாங்கன்னு அனுப்புனேன். போன்லயே சொன்னேம்லா? அவிய தனியா ஒரு ராத்திரி இருக்கணும்னு ஆசப்பட்டாக. அதுல ஒங்களுக்கு என்ன?”

“நீ சும்மா இரு தாயி” என்றார் மச்சான், அன்பாகத்தான். “புருசன விட்டுக்குடுக்க மாட்ட. அது எங்களுக்குத் தெரியாதா? நல்லாருக்க வீட்ட விட்டுட்டு எவனாவது பாறையில படுப்பானா? ஏதோ ஒரு கொற இருக்கு. அது என்னன்னு தெரியாம நான் எறங்க மாட்டேன்.”

எறங்க மாட்டேன் என்றால் எறங்க மாட்டார். பனிமலையில் பதினாறு வருஷம் உட்கார்ந்தவர். மணி எட்டு ஆகியிருந்தது. என் ராத்திரி என் கண்முன்னால் ஒழுகிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. (மூன்றாவது தவறு.) ஒரு குறையைச் சொல்லிவிட்டால் என்ன? சின்னதாக, ஒன்றுக்கும் உதவாததாக ஒரு குறை. கேட்டுக்கொள்வார்கள், எஸ்தருக்குப் புத்தி சொல்வார்கள், இறங்கிப் போய்விடுவார்கள். எனக்கு இன்னும் ஒன்பது மணி நேரம் மிச்சம் இருக்கும். எஸ்தருக்கு இது நாடகம் என்று தெரியாமலா போகும்?

“வேற ஒண்ணுமில்ல மச்சான்” என்றேன். “காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் பாட ஆரம்பிச்சிருதா. அது கொஞ்சம்... சத்தமா இருக்கு. அதான்.”

இதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்தர் எங்கள் சபைப் பாடகர் குழுவில் இருபது வருஷத்துக்கு மேலாக ஆல்ட்டோ பாடுகிறாள். நான்கு குரலில் பாட்டின் மெட்டு மேல் குரலுக்குப் போய்விடும். ஆல்ட்டோ அதற்குக் கீழே, அதிகம் அசையாமல், முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கும் குரல். வீட்டிலும் அவள் அதைத்தான் பாடுவாள். தேங்காய் துருவும்போது, மாவு கரைக்கும்போது, வெறும் ஆல்ட்டோ. போனில் இந்தப் பக்கத்து ஆள் பேசுவது மட்டும் நமக்குக் கேட்கிற மாதிரி. எதிர்முனையில் மெட்டு என்ன சொல்கிறது என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

நான் சொல்லி முடித்ததும் அவளைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தேன். ஐந்து டார்ச்சும் என் முகத்தில் இருந்ததால், கண் கூசிச் சுருங்கியது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

அவள் கையிலிருந்த மஃப்ளரை நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். யோசிக்க நேரமில்லாதபோது ஒருவன் வாயில் வருவது பொய்யாக இருக்காது என்று இருபத்தைந்து வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா? நாடகம்தான். ஆனால் உலகத்தில் இருக்கிற ஆயிரம் குறையை விட்டுவிட்டு நான் அதை ஏன் எடுத்தேன்?

“அம்புட்டுத்தானா?” என்றார் மச்சான். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “ஏ எஸ்தர், இனிமே காலையில பாடாத. சரியா? முடிஞ்சுபோச்சு. உபதேசியாரே! தீந்துபோச்சு!” கீழேயிருந்து ஒரு அல்லேலூயா வந்தது. “சரி மாப்ள, எந்திரிங்க. வீட்ல மதினி கோழி அடிச்சு வச்சிருக்கா.”

“இல்ல மச்சான், நான் இங்கயே...”

“எதுக்கு? அதான் தீந்துருச்சுல்லா?”

என் மூன்று நாள் ஒத்திகைக் கூடாரத்தை அவர் மூன்று நிமிஷத்தில் சுருட்டிப் பைக்குள் திணித்தார். அன்று ராத்திரி மச்சான் வீட்டு ஹாலில், நாற்காலிகளை ஒதுக்கிப் போட்ட பாயில், பதினொரு பேருக்கு நடுவே படுத்தேன். மூன்றாவது ஆளாக. இரண்டு பக்கமிருந்தும் உதை.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. அடுக்களையில் வெளிச்சம் இருந்தது, தேங்காய் துருவுகிற சத்தம் இருந்தது. வேறொன்றும் இல்லை. செவ்வாயும் இல்லை. தவக்காலம் வந்தது, போனது, இல்லை. ஊரில் மாம்பழம் வந்தது, இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். “மன்னிக்க என்ன இருக்கு? ஒங்களுக்கு அமைதி வேணும்னுதானே சொன்னீங்க” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு போட என்று கேட்கிற குரலில் சொன்னாள். அந்த மலையையும் கூடாரத்தையும் அமைதியையும் தூக்கிப் போட்டுவிட்டு, “ஒரே ஒரு பாட்டுப் பாடேன்” என்று கெஞ்சினேன். “தொண்ட சரியில்ல” என்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தொண்டை சரியாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. இத்தனை வருஷமாக அவள் ஆல்ட்டோவுக்கு மேலே மெட்டைப் போட்டுக்கொண்டிருந்தது நான். அரைத் தூக்கத்தில், போர்வைக்குள், எனக்கே தெரியாமல். அவள் கீழே பிடித்துக்கொள்வாள், நான் மேலே போய் வருவேன். இப்போது படுத்துக்கொண்டு மெட்டை மட்டும் நினைத்துப் பார்த்தால், இரண்டு அடி போய் விழுந்துவிடுகிறது. கோயிலில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டு, முப்பது பேர் பாடுவதில் அவள் குரலை மட்டும் பிரித்தெடுக்கப் பார்ப்பேன். ஆல்ட்டோ அப்படித் தனியாகத் தெரிவதற்காகப் பாடப்படுவதில்லை. எண்பது தறியில் ஒரு தறியைக் காதாலேயே பிடிக்கிற எனக்கு அவள் குரலைப் பிடிக்க முடியவில்லை.

ஒருநாள் துணிந்து நானே அடுக்களைக்குப் போய் மெட்டைப் பாடினேன். எதிர்முனை பேசினால் இந்தப் பக்கம் பதில் வந்துதானே ஆக வேண்டும்? இரண்டாவது வரியில் அவள் மிக்ஸியைப் போட்டாள். உள்ளே தேங்காய்கூட இல்லை. ரூத் தன் அறைக் கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “சார், யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

மச்சான் அவ்வப்போது போன் செய்வார். “இப்ப நிம்மதியா இருக்கீகளா மாப்ள?” என்று விசாரிப்பார். அவர் வாழ்க்கையில் தீர்த்துவைத்த பிரச்சினைகளிலேயே இதுதான் மிகச் சுலபமானதாம். நான் “ஆமா மச்சான்” என்பேன். வேறென்ன சொல்ல?

பதினொரு மாதம்.

மார்கழியில் ஒரு காலை. தூக்கம் பிடிக்காமல் மொட்டைமாடிக்குப் போய் மலையைப் பார்க்கலாம் என்று படியேறினேன். இருட்டு. மலை இருக்கும் இடத்தில் நட்சத்திரம் இல்லாத ஒரு கறுப்பு மட்டும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, கீழே அடுக்களை ஜன்னல் வழியாக, முதலில் ஒரு முனகல் மாதிரி, பிறகு தெளிவாக, அதே அசையாத, முட்டுக்கொடுக்கிற குரல் வந்தது.

மலையைச் சுத்தமாக மறந்துவிட்டேன். மூன்று படி இறங்கினேன். செருப்புச் சத்தத்தில் பாட்டு நின்றுவிட்டது. மறுபடி ஏறினேன். செத்த நேரம் கழித்து மறுபடி வந்தது.

ஒரு வாரத்தில் ரூத் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். அதிலிருந்து தினமும் காலையில் நான் படியேறியதும், அவள் படுக்கையிலிருந்தபடியே, ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி, “அம்மா! அப்பா கரடு ஏறியாச்சு!” என்று கூவுவாள். அடுக்களையில் பாட்டு தொடங்கும். விருந்தாளிகள் வந்தால் அவர்களுக்கும் விளக்கம் சொல்லப்படும். மச்சான் வந்திருந்தபோது அவரும் சொன்னார், “மாப்ள, கரடு ஏறுங்க, தங்கச்சி பாடட்டும்” என்று. (முதலில் பாடாதே என்று தீர்ப்புச் சொன்னவர் தான்தான் என்பதே அவருக்கு ஞாபகமில்லை.) குடும்பத்தில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், என்னைப் பார்த்ததும் யாராவது ஒருவர் கேட்கிறார்கள், “என்ன அண்ணாச்சி, கரட்டுல எடம் இருக்கா?”

தனியாக ஒரு ராத்திரி படுக்கும் ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. அந்த நாற்பது நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சில் ஒரு இழுப்பு. ஆனால் அதைவிடப் பெரிய இழுப்பு ஒன்று இப்போது இருக்கிறது. அதற்குப் பஸ் மாறத் தேவையில்லை. மாடிப்படி திரும்புகிற இடத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோடு ஒட்டி நின்றால் போதும். மூன்று வருஷமாக நிற்கிறேன். கீழே அவள் பிடித்துக்கொள்கிறாள். மேலே நான், சத்தமில்லாமல், போய் வருகிறேன்.

போன வாரம் பனி அதிகம். நின்ற இடத்தில் ஒரு தும்மல் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், இரண்டாகப் பெருகியது. பாட்டு நின்றது. வீடே நின்றது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஐம்பத்தைந்து வயசு ஆள், சுவரோடு சுவராக மூச்சைப் பிடித்து நின்றேன்.

கீழேயிருந்து எஸ்தர் குரல் வந்தது. சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு என்று கேட்கிற அதே குரல்.

“காப்பி ஆறுது. எறங்கி வந்து குடிச்சுட்டுப் பொறவு ஏறிக்கிடுங்க. இன்னும் ரெண்டு சரணம் இருக்கு.”